செவி வழியே திறந்த கதவு
பிடில் மேதை துவாரம் வேங்கடசாமி நாயுடுவின் வாழ்வும் கற்பித்தலும்

பள்ளிக்கூடம் பெரும்பாலும் கண்ணை நம்பி நடக்கும் இடம். கரும்பலகையில் ஆசிரியர் எழுதுவதைக் கண் காணவேண்டும். கண்டதைக் கை ஏட்டிற் பெயர்க்கவேண்டும். பெயர்த்ததை மனம் பற்றவேண்டும். இம்முறையின் முதற் படியிலேயே கால் தடுக்கிய பிள்ளைக்கு அடுத்த படி இல்லை. அப்பிள்ளையை மந்தபுத்தி என்றோ சோம்பேறி என்றோ எண்ணிக் கடைசி வாங்கில் அமர்த்துவதும், பின்னர் மெல்ல வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் உலகெங்கும் நடந்துவந்த செயலே. அவ்வாறு பார்வைக் குறைவு காரணமாகப் பள்ளியை விட்டு விலக நேர்ந்த சிறுவன் ஒருவன், பிற்காலத்தில் ஓர் இசைக் கல்லூரியின் பேராசிரியனாகவும் அதன் முதல்வனாகவும் உயர்ந்தான். தென்னாட்டின் பிடில் வாசிப்புக்கே புதியதொரு மதிப்பைத் தேடித் தந்தான். துவாரம் வேங்கடசாமி நாயுடு என்னும் பெயரை அறியாத சங்கீத ரசிகர் இலர். ஆயினும், அவரது வாழ்வினுள்ளே ஆசிரியர்கள் சிந்திப்பதற்குரிய செய்தி ஒன்று உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கச்சேரி மேடையைக் காண்பதே அரிதான மலைநாட்டில் இவ்வரலாற்றை எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நாவலப்பிட்டியிலிருந்து அட்டனை நோக்கி ஏறும் புகையிரதம் கலபொடையைக் கடந்ததும் வந்து நிற்கும் நிலையம் வட்டவளை. இலங்கையிலே மிகுந்த மழை பெறும் இடங்களுள் அதுவும் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே ஈரம் புகாத பொருள் இல்லை. அத்தகைய ஊரில் பிடிலைப் பேணுவது எளிதன்று. பிடிலின் பலகைகளை இணைத்து நிற்கும் பசை ஈரத்தில் இளகும். வில்லிற் பூட்டிய குதிரைமயிர் தளரும். பிருடை ஊதி இறுகித் திருப்புவதற்கு மறுக்கும். காலையிற் சேர்த்த சுருதி மாலையில் நில்லாது. பாடசாலைகளிலே கர்நாடக சங்கீதம் ஒரு பாடமாக அமைந்துள்ள போதிலும், தோட்டத்துப் பிள்ளை ஒன்று பிடிலைத் தன் கையில் ஏந்துவது இன்றும் அரிய நிகழ்ச்சியே. தப்பின் ஒலியும், காமன் கூத்தின் பாட்டும், கோயிற் பஜனையுமே அப்பிள்ளையின் செவிக்கு முதல் ஆசான்கள். அந்தச் செவிச் செல்வம் பள்ளிக்கூடத்தில் மதிப்புப் பெறுகிறதா என்பதே கேள்வி. துவாரத்தின் வரலாறு இக்கேள்விக்கு நேரான விடை தருகிறது.

மேல்நாட்டுக் கருவி நம்முடையதான கதை

பிடில் நமது மண்ணிற் பிறந்த கருவி அன்று. ஐரோப்பியர் வழியே தென்னாட்டுக்கு வந்த அதனை, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) கற்றுத் தேர்ந்து நமது சங்கீதத்துக்கு இசைவித்தார். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு அதனை மேலும் வளர்த்தார். அவரது திறமையை மெச்சிய திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834ஆம் ஆண்டில் அவருக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார். நின்றுகொண்டு தோளிலே சாய்த்து வாசித்த கருவியை நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி, மார்போடு அணைத்து வாசிக்கக் கற்றனர். கருவி அசையாது நின்றமையால் இடக்கை விடுதலை பெற்றது. விரல் தந்தியின் மீது வழுக்கி ஏறி இறங்கவும், கமகங்களைக் குரலைப் போலவே குழைத்துக் காட்டவும் இயன்றது.

நூறு ஆண்டுகளுக்குள் பிடில் இல்லாத கச்சேரி இல்லை என்னும் நிலை வந்துவிட்டது. திருக்கோடிக்காவல் கிருஷ்ணையர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை போன்ற பெரியோர் அதற்குப் பெருமை சேர்த்தனர். எனினும், பிடிலுக்குக் கிடைத்த இடம் பக்கவாத்தியம் என்பதே. பாடகர் நடுவில் அமர்வார். பிடில்காரர் பக்கத்தில் அமர்வார். பாடகர் விட்ட இடத்தை நிரப்புவதும், அவர் சென்ற வழியே பின்தொடர்வதும் அவரது கடமை. இந்தக் கருவியோடு துவாரம் பின்னர் பூண்ட உறவை விளங்கிக்கொள்வதற்கு இந்நிலையை நினைவிற் கொள்வது நல்லது.

பிறப்பும் பிள்ளைப் பருவமும்

துவாரம் வேங்கடசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆம் நாள் பெங்களூரிலே பிறந்தார். தந்தையார் இராணுவத்திற் பணிபுரிந்தவர். குடும்பம் பின்னர் ஆந்திரக் கடற்கரையிலுள்ள விசாகப்பட்டினத்திற் குடியேறியது. அங்கேயே வேங்கடசாமியின் இளமை கழிந்தது.

பள்ளியிற் சேர்ந்த சிறுவனுக்குக் கண் துணை செய்யவில்லை. பார்வைக் குறைவினால் படிப்பைத் தொடர இயலாது பள்ளியை விட்டு நீங்கினான். இன்றைய ஆசிரியருக்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். மூக்குக் கண்ணாடி ஒன்றை அணிவித்து முன்வரிசையில் இருத்தினால் தீரக்கூடிய இடர்தானே என்று கருதலாம். ஆனால், நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்னர், எழுத்தறிவே உத்தியோகத்துக்கு வழியென்று நடுத்தரக் குடும்பங்கள் நம்பியிருந்த காலத்தில், பள்ளி கைவிட்ட பிள்ளையின் எதிர்காலம் இருண்டது என்றே உற்றார் எண்ணியிருப்பர். வேங்கடசாமிக்கு அவ்விருளில் விளக்கேற்றியவர் தமையனார் வேங்கடகிருஷ்ணையா. தாம் அறிந்த பிடிலைத் தம்பிக்கு அவர் கற்பித்தார்.

தமையனே குருவாக வாய்த்த பேறு எல்லார்க்கும் கிட்டுவதன்று. குருவின் வீட்டில் மாணவன் காத்திருக்கவேண்டும். தமையனிடமோ வினாவும் விடையும் நாள் முழுவதும் நிகழும். பாடம் நடக்கும் வேளை, பாடம் நடவாத வேளை என்ற பிரிவும் அங்கு இல்லை. ஒரே கூரையின் கீழ் பிடிலின் ஒலி காற்றோடு காற்றாகக் கலந்திருக்கும்போது, கற்பிக்காமலே கற்கப்படுவனவும் மிகுதி.

மெட்டு இல்லாத கருவி

இவ்விடத்தில் பிடிலின் இயல்பை ஆராய்வது பொருந்தும். வீணையிலே மெட்டுக்கள் உள்ளன. இன்ன மெட்டில் விரலை வைத்தால் இன்ன சுரம் பிறக்கும் என்று கண் காட்டிக் கொடுக்கும். ஹார்மோனியத்தின் கட்டைகளும் அத்தகையனவே. பிடிலின் விரற்பலகையோ ஒரு குறியும் அற்ற கறுப்பு வழி. நான்கு தந்திகள் ச, ப, ச, ப என்று சுருதி சேர்ந்து நிற்கின்றன. இடையிலுள்ள சுரங்களுக்கு அங்கே முகவரி இல்லை. விரல் ஒரு மயிரிழை முன்னே விழுந்தாலும் பின்னே விழுந்தாலும் சுரம் சுருதியை விட்டு விலகும். விலகியதென்று சொல்ல வல்லது செவி ஒன்றே. ஆதலால், பிடில் மாணவனுக்குக் கண்பார்வை மட்டாயிருப்பது பெருங்குறை ஆகாது. செவி மட்டாயிருந்தால் வேறொன்றும் அதனை ஈடுசெய்யாது.

பள்ளி கேட்ட புலன் அச்சிறுவனிடம் நலிந்திருந்தது. பிடில் கேட்ட புலன் அவனிடம் நிறைந்திருந்தது. கல்வித் துறையில் ஆராயத்தக்க பேருண்மை இதுவே. ஒரு பிள்ளையின் அறிவு எந்த வாயிலின் வழியே உட்புகும் என்பதை முன்கூட்டித் தீர்மானித்துவிட்டு, அவ்வாயில் அடைபட்டிருப்பதைக் கண்டதும் வீடே வெறுமை என்று கூறுவது முறையன்று. வேங்கடகிருஷ்ணையா இன்னொரு வாயிலைத் தட்டினார், அது திறந்தது.

கேள்வியே பயிற்சி

தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்த இசை மாணவனுக்குக் காவிரிக்கரை முழுவதுமே பாடசாலை. கோயில் தோறும் நாகசுரம். ஊர் தோறும் வித்துவான். திருமணம் தோறும் கச்சேரி. விசாகப்பட்டினத்தில் வளர்ந்த துவாரத்துக்கு அவ்வளவு வாய்ப்பு இல்லை. புகழ்பெற்ற குருபரம்பரை ஒன்றின் முத்திரையும் அவர்மீது இல்லை. அக்குறையை அவர் இடையறாத சாதகத்தாலும் பரந்த கேள்வியாலும் நிறைத்துக்கொண்டார். வாய்ப்பாட்டைக் கேட்டு அதன் நெளிவு சுளிவுகளைத் தந்தியிலே தேடினார். மேனாட்டு வயலின் மேதைகளின் இசைத்தட்டுக்களையும் விருப்புடன் கேட்டார். அவர்களுடைய சங்கீதத்தை அவர் கடன்வாங்கவில்லை. அவர்கள் வில்லைக் கையாண்ட திறத்தையே உற்றுக் கேட்டார். நீண்ட வில்லின் ஓட்டம், தந்தியின் மீது வில் தரும் அழுத்தத்தின் அளவு, ஒலி தொடங்குமிடத்தும் முடியுமிடத்தும் சிதறாத தூய்மை ஆகியன அவர் வாசிப்பின் சிறப்புக்களாக விளங்கின. இராகமும் கமகமும் முற்றிலும் நம்முடையனவாகவே நின்றன.

தன் மரபில் வேரூன்றியவன் அயலாரிடம் கற்பதற்கு அஞ்சுவதில்லை. பிடிலையே அயலாரிடமிருந்து பெற்றுக்கொண்ட மரபல்லவா நமது மரபு!

மாணவனாக வந்தவர் ஆசிரியரானார்

விசாகப்பட்டினத்துக்கு அண்மையில் விஜயநகரம் என்னும் சமஸ்தானம் இருந்தது. துங்கபத்திரைக் கரையில் விளங்கிய பழைய விஜயநகரப் பேரரசின் தலைநகர் வேறு. கலிங்க நாட்டை ஒட்டிய இவ்விஜயநகரம் வேறு. அதன் மன்னர் விஜயராம கஜபதி 1919ஆம் ஆண்டில் அங்கே இசைப்பள்ளி ஒன்றை நிறுவினார். விஜயராம கான பாடசாலை என்பது அதன் தொடக்கப் பெயர். அது தோன்றிய காரணமும் உளங்கொள்ளத்தக்கது. அரண்மனையில் பணியாற்றிய ஒருவருக்குப் பார்வையற்ற மகன் ஒருவன் இருந்தான் என்றும், இசையிலே நாட்டமுள்ள அச்சிறுவன் கற்பதற்கு ஒரு வழி வேண்டுமென்றே மன்னர் பாடசாலையை அமைத்தார் என்றும் கூறுவர். ஒரு பிள்ளைக்காகத் திறந்த கதவு, பின்னர் ஒரு நாட்டுக்கே திறந்த கதவாயிற்று.

அப்பாடசாலையின் முதல் தலைவர் ஆதிபட்ல நாராயணதாசர். ஹரிகதைக் கலையைத் தெலுங்கு நாட்டில் உருவாக்கி நிலைநாட்டிய பெரியார் அவர்; பன்மொழிப் புலவர்; உமர் கையாமின் பாடல்களை வடமொழியிலும் தெலுங்கிலும் பெயர்த்தவர். அத்தகையவர் தலைமையில் இசைப்பள்ளி ஒன்று தொடங்கியது என்று கேள்வியுற்ற வேங்கடசாமி, அங்கே மாணவனாகச் சேரும் விருப்பத்துடன் சென்றார். அப்பொழுது அவர் இளைஞர். அவரது வாசிப்பைக் கேட்டவர்கள் அவரை மாணவனாக ஏற்கவில்லை. பிடில் பேராசிரியராகவே அமர்த்தினர்.

இந்நிகழ்ச்சியைச் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துவிடலாகாது. பள்ளிச் சான்றிதழ் ஒன்றும் அவரிடம் இல்லை. பெரிய குருவின் பெயரும் பின்னணியில் இல்லை. ஆயினும் நாராயணதாசர் முதலியோர் தாளைப் பார்க்கவில்லை, நாதத்தைக் கேட்டனர். முன்னர் ஒரு பள்ளி கண்ணைச் சோதித்து வெளியே விட்டது. இப்பள்ளி செவியாற் சோதித்து உள்ளே அழைத்தது. அழைக்கப்பட்டவரோ, கற்க வந்தவன் என்ற நினைவைக் கைவிடாமலே கற்பிக்கத் தொடங்கினார். பேராசிரியரான பின்பும் தம் சாதகத்தை அவர் குறைத்துக்கொள்ளவில்லை.

குருகுலமும் வகுப்பறையும்

குருகுலத்தில் மாணவன் குருவின் இல்லத்திலேயே வாழ்வான். பணிவிடை செய்வான். குரு பாடும்போதும் பேசும்போதும் சினக்கும்போதும் அருகில் இருப்பான். ஆண்டுக்கணக்கிற் கேட்ட பின்னரே வாய் திறப்பான். அம்முறையிலே ஆழம் உண்டு. ஆனால் வாயில் குறுகியது. குருவின் மனத்துக்குப் பிடித்தவனும், அவர் குடும்பத்தோடு தொடர்புடையவனுமே நுழையலாம். கல்லூரி முறையிலோ வாயில் அகன்றது. குறித்த வேளை, குறித்த பாடம், குறித்த பரீட்சை என்று யாவும் ஒழுங்குபட்டன. ஆனால் அங்கே ஆழம் குன்றிவிடும் அபாயம் உண்டு. பத்துப் பேர் ஒன்றாக அமர்ந்து பிடில் வாசித்தால், எவருடைய விரல் பிழைபட்டது என்று எவர் அறிவார்? அகன்ற வாயிலையும் பழைய ஆழத்தையும் ஒருங்கே காப்பதே துவாரத்தின் தலைமுறையைச் சேர்ந்த கல்லூரி ஆசிரியர்கள் முன் நின்ற சோதனை.

சங்கீதத்தின் பாலபாடம் இதற்கு ஒருவாறு துணை செய்தது. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் ஒழுங்கு அது. மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசை, அதன்பின் ஜண்டை வரிசை, பின்னர் அலங்காரங்கள், அவற்றைத் தொடர்ந்து கீதம், சுரஜதி, வர்ணம், கீர்த்தனை. ஒவ்வொரு வரிசையும் முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று மும்மடங்கு பழகப்படும். மாயாமாளவகௌளையைத் தொடக்கமாகக் கொண்டதிலும் நுட்பம் உண்டு. அதன் முற்பாதியிலும் பிற்பாதியிலும் சுரங்களின் இடைவெளி ஒத்திருக்கிறது. ச–ரி–க–ம என்று ஒரு தந்தியில் விரல் பதிந்த வண்ணமே ப–த–நி–ச என்று அடுத்த தந்தியிலும் பதியும். ஒருமுறை கற்றது இருமுறை பயன்படும். பிள்ளையின் கைக்கு இது பேருதவி.

பிடில் கற்கும் பிள்ளைக்கு இவ்வொழுங்கிற்கும் முந்திய பாடங்கள் இரண்டு உள. ஒன்று, வாயாற் பாடுவது. வாய் சரியாகச் சொல்லாத சுரத்தை விரல் சரியாகச் சொல்லாது. சரளியைச் சுருதியோடு பாடத் தெரிந்த பிள்ளையின் மனத்தில் ஒலியின் வடிவம் முன்னரே நிற்கும். விரல் அவ்வடிவத்தைத் தேடிச் சென்று அடையும். பாடத் தெரியாத பிள்ளை விரலை வைத்துவிட்டு, என்ன ஒலி பிறக்கிறதோ அதுவே சுரம் என்று நம்பிவிடும். மற்றொன்று, விரலே வையாத வெறுந்தந்தியில் நீளமாக வில்லை இழுப்பது. இது பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் பாடம். நான்கு தந்திகள், மேலும் கீழுமாக வில், வேறொன்றும் இல்லை. ஆயினும் நாதம் என்பது வலக்கையிலேதான் பிறக்கிறது. இடக்கை சுரத்தைத் தரும். வலக்கை உயிரைத் தரும். துவாரத்தின் வாசிப்பிலே யாவரும் வியந்த நாத இனிமை வில்லின் மீது அவர் கொண்ட ஆட்சியால் விளைந்தது. அவ்வாட்சிக்குக் குறுக்கு வழி இல்லை.

சலிப்பைப் பொறுத்துக்கொள்ளப் பிள்ளைக்கு எவ்வாறு கற்பிப்பது? ஆசிரியர் தாமே வாசித்துக் காட்டுவதைவிடச் சிறந்த முறை இல்லை. வெறுந்தந்தியிலே ஆசிரியரின் வில் எழுப்பும் ஒலியைக் கேட்ட பிள்ளை, அதே தந்தியில் தன் வில் எழுப்பும் ஒலியையும் கேட்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் செவி அளக்கும். அத்தூரத்தைக் கடக்கும் ஆசையே சாதகம் ஆகிறது. துவாரம் மேடையிலே பெரும்புகழ் எய்திய பின்னரும் கல்லூரியிற் பணியாற்றியவர். ஆதலால் அம்மாணவர்களுக்குத் தலைசிறந்த நாதம் தினந்தோறும் கேட்கக் கிடைத்தது. எந்தப் பாடத்திட்டமும் தரமுடியாத செல்வம் அது.

முதல்வர் பொறுப்பு

1936ஆம் ஆண்டில் நாராயணதாசர் ஓய்வுபெற, துவாரம் கல்லூரியின் முதல்வரானார். அவரது காலத்தில் அங்கே பயின்றவர்களுள் கண்டசாலாவைத் தமிழ் மக்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. திரைப்பாட்டிலே ஒரு காலத்தை ஆண்ட அவர், வறுமை மிக்க இளைஞனாக விஜயநகரத்துக்கு வந்தவர். வீடு வீடாகச் சென்று அன்னம் பெற்று உண்டு சங்கீதம் கற்றவர். பட்ராயனி சீதாராம சாஸ்திரி என்னும் வாய்ப்பாட்டு ஆசிரியர் அவரை ஆதரித்துக் கற்பித்தார். பிற்காலத்தில் சங்கீத கலாநிதி ஆன நேதுநூரி கிருஷ்ணமூர்த்தியும் 1940ஆம் ஆண்டில் அக்கல்லூரியிற் சேர்ந்து வாய்ப்பாட்டும் பிடிலும் பயின்றவரே. அவருக்குப் பிடில் கற்பித்தவர் துவாரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த துவாரம் நரசிங்கராவ் நாயுடு. துவாரத்தின் மகள் மங்கத்தாயாரும் தந்தையின் வழியில் பிடில் கலைஞராகி அவர் பாணியைப் போற்றினார்.

பொருள் இல்லாத பிள்ளை, பார்வை இல்லாத பிள்ளை, பரம்பரை இல்லாத பிள்ளை ஆகிய எவர்க்கும் அக்கல்லூரியில் இடம் இருந்தது. பழைய குருகுல முறை மட்டுமே நிலைத்திருந்தால் இவர்களுள் எத்தனை பேர் இசையை எட்டியிருப்பர் என்பது ஐயத்துக்குரியது.

பக்கத்திலிருந்து நடுவுக்கு

ஆசிரியப் பணியோடு துவாரத்தின் கச்சேரிப் பணியும் வளர்ந்தது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற பெரும் பாடகர்களுக்கு அவர் பக்கவாத்தியம் வாசித்தார். அதனோடு நின்றிருந்தால் சிறந்த பிடில்காரர்களுள் ஒருவர் என்று மட்டும் அவரை நினைவுகூர்ந்திருப்போம். பிடில் தனியே நின்று ஒரு முழுக் கச்சேரியைத் தாங்கும் வல்லமை உடையது என்று காட்டியமையே அவரது தனிச்சிறப்பு. 1938ஆம் ஆண்டு வேலூரில் அவர் நிகழ்த்திய தனிக் கச்சேரி இவ்வகையில் எடுத்துக் கூறப்படுவது.

இதற்குத் துணிவு வேண்டியிருந்தது. பாடகர் இல்லாத மேடையில் சாகித்தியத்தின் சொல் இல்லை. நாதம் ஒன்றே உண்டு. சொல்லின் துணையின்றி இரண்டு மூன்று மணி நேரம் சபையைக் கட்டி வைப்பது எளிய செயலன்று. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் பிடிலின் ஒலி சபையின் கடைசி வரிசைக்கு எட்டுவதும் அரிது. அவர் காலத்தவரான மைசூர் சௌடையா ஒலியைப் பெருக்கும் நோக்குடன் ஏழு தந்திப் பிடிலை அமைத்துக்கொண்டார். துவாரமோ நான்கு தந்திகளையே நம்பினார். ஒலியின் அளவைக் கூட்டுவதைக் காட்டிலும் அதன் தூய்மையைக் கூட்டுவதிலே கருத்தூன்றினார். இருவர் வழியும் பயனுடையதே. ஆயினும், கருவியின் இயல்பை மாற்றாமல் அதன் உள்ளே ஒளிந்திருந்த ஆற்றலை வெளிக்கொணர்ந்தமை ஆசிரிய மனம் படைத்தவர்க்கே கைவருவது. பக்கத்தில் அமர்வதற்கே உரியது என்று உலகம் ஒதுக்கிய கருவியை அவர் நடுவில் அமர்த்தினார். கடைசி வாங்கின் கசப்பை இளமையிலே அறிந்தவர் அல்லவா!

பெருமைகளும் ஒரு கொடையும்

1941ஆம் ஆண்டில் சென்னைச் சங்கீத வித்வத் சபையின் மாநாட்டுக்குத் துவாரம் தலைமை தாங்கிச் சங்கீத கலாநிதிகளின் வரிசையில் இடம்பெற்றார். 1953ஆம் ஆண்டில் மத்திய சங்கீத நாடக அகாடமியின் விருதும், 1957ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன. உலகப் புகழ்பெற்ற வயலின் மேதை யெகுதி மெனுகின் 1952ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தபோது, சென்னையில் நீதிபதி இராஜமன்னாரின் இல்லத்தில் துவாரத்தின் வாசிப்பைக் கேட்டுப் பெரிதும் பாராட்டினார். எந்த நாட்டின் வில்லோட்டத்தை இசைத்தட்டின் வழியே கேட்டுக் கற்றாரோ, அந்த நாட்டின் தலைசிறந்த கலைஞர் இவரிடம் செவிசாய்க்க வந்தது காலத்தின் இனிய கைம்மாறு.

ஆயினும், அதே 1952ஆம் ஆண்டில் நிகழ்ந்த இன்னொரு கச்சேரியே அவரது உள்ளத்தை நன்கு காட்டுவது. புதுதில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆய்வுகூடத்தின் மண்டபத்தில், பார்வையற்றோர் நிவாரண நிதிக்காக அவர் பிடில் வாசித்தார். கண்ணின் குறையால் பள்ளியை இழந்த சிறுவன், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், கண்ணில்லாதவர்க்காகத் தன் வில்லை எடுத்தான். விருதுகளின் பட்டியலுக்குள் அடங்காத செயல் இது.

1964ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் துவாரம் மறைந்தார். அவரது நூற்றாண்டாகிய 1993இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

நமது நாட்டுக்கு உரிய செய்தி

பிடிலைத் தனிக் கருவியாக நிலைநிறுத்தும் வேட்கை இலங்கை மண்ணிலும் வளர்ந்தது. வி. இலட்சுமிநாராயணா என்னும் ஆசிரியர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து பிடில் கற்பித்தவர். தம் பிள்ளைகளாகிய வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் ஆகியோருக்கு இளமையிலே பிடிலைக் கையளித்தார். 1958ஆம் ஆண்டின் இனக்கலவரம் அக்குடும்பத்தை இந்தியாவுக்குத் துரத்தியது. வீட்டையும் ஊரையும் விட்டுச் சென்ற பிள்ளைகள், செவியில் ஏறிய பாடத்தை விட்டுச் செல்லவில்லை. அம்மூவரும் பிற்காலத்தில் உலகறிந்த இசைஞர்களாயினர். வேங்கடகிருஷ்ணையா தம்பிக்குச் செய்ததை இலட்சுமிநாராயணா மக்களுக்குச் செய்தார். வீட்டிலே தொடங்கிய செவிக் கல்வியைப் பறிக்க எந்தக் கலவரத்தாலும் இயலவில்லை.

மலைநாட்டின் வரலாறு வேறு வகையானது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புக்கள் என்ற நிலையில் நெடுங்காலம் இருந்த தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களிலேதான் பெருமளவிற் பொறுப்பேற்கத் தொடங்கியது. எழுத்துக் கல்வியே பிந்தி வந்த இடத்தில் இசைக் கல்வி மேலும் பிந்தியதில் வியப்பில்லை. ஆனால் அப்பிள்ளைகளின் செவி ஒருநாளும் பிந்தியதன்று. தப்பின் அடியைக் கேட்டவுடன் இன்ன நிகழ்ச்சிக்குரிய அடி என்று பிரித்தறியும் பிள்ளைக்குத் தாளம் புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டியதில்லை. அது அறிந்த தாளத்துக்குப் பெயரைக் கற்பித்தாற் போதும். காமன் கூத்தின் மெட்டுக்களை ஒருமுறை கேட்டு மறுநாள் பாடிக்காட்டும் பிள்ளை, கரும்பலகையின் முன்னே தடுமாறினால், அத்தடுமாற்றத்தை அறிவின்மை என்று எழுதிவைக்கும் உரிமை எந்த ஆசிரியருக்கும் இல்லை.

மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் பிடில் இல்லாதிருக்கலாம். இருந்தாலும் மழைக்காலத்தில் அதன் பசை விட்டுப்போகலாம். அது பொருட்குறை, முயன்றால் தீரக்கூடியது. ஒரு பிள்ளையின் பலவீனமான புலனை அளந்து, அதன் வலிமையான புலனைக் கேளாது விடுவது ஆசிரியக் குறை. அதனைத் தீர்ப்பதற்குப் பணமும் வேண்டா, கருவியும் வேண்டா. விசாகப்பட்டினத்தில் ஒரு தமையன் அதனைத் தீர்த்தார். விஜயநகரத்தில் ஒரு முதியவர் அதனைத் தீர்த்தார். அவ்விருவரும் செய்தது ஒன்றே: அந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்பதை விடுத்து, எது வருகிறது என்று காது கொடுத்தனர். வட்டவளையின் வகுப்பறையிலும் கடைசி வாங்கு ஒன்று உண்டு. அதில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் வாயிலிருந்து எந்த ஒலி எழுகிறது என்று கேட்பதற்கு ஆசிரியர் ஒருவர் அருகிற் சென்றால், துவாரம் வேங்கடசாமி நாயுடுவின் பெயருக்கு இந்நாட்டில் செய்யத்தக்க சிறந்த வணக்கம் அதுவே ஆகும்.